எட்டு கேமரா, பன்னிரண்டு டெலிபோன்

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் எல்லாரும் அவளைக் கம்பியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடி அலுவலகத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர் கேபிள் அத்தனையும் அவள் பொறுப்பு. எது எந்தச் சுவருக்குள் நுழைந்து எங்கே தலைகாட்டுகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்றைக்காவது அரை நாள் லீவு போட்டால் போதும், "கம்பியக்கா கம்பி நீட்டிட்டாங்களா?" என்று மறுநாள் ஆளாளுக்குக் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். ஒரே ஜோக்குக்குப் பத்து வருடம் சிரிக்க ஒரு மனசு வேண்டும். அவளுக்கு அது இருந்தது.

ஆனால் கடந்த நான்கு மாதமாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், முதல் மாடி டெலிபோன்கள்.

ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்பு பட்டனை அழுத்தினால் அழைப்பு நேராக அந்த முதல் மாடிக்குத்தான் வரும். பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு ஹெட்செட். முன்பெல்லாம் தனி டெலிபோன் கம்பி இருந்தது. முதலாளி அதை எடுத்துவிட்டு, பேச்சும் கம்ப்யூட்டர் லைனிலேயே போகிற மாதிரி புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு பேச்சு கிழிய ஆரம்பித்தது. பாதி வார்த்தை வரும், மீதி எங்கோ போய்விடும்.

ஒருநாள் ஒருவர் "உள்ள நானும் நாயும் இருக்கோம்" என்றார். இங்கே வந்து சேர்ந்தது "நானும்... யும்" மட்டும். மேசையில் இருந்த பெண் அதைத் தாய் என்று எடுத்துக்கொண்டாள். "அம்மா பயப்படறாங்களா? அம்மாவைக் கீழ உக்கார வைங்க. அம்மாகிட்ட போனைக் குடுங்க, நான் ரெண்டு வார்த்தை பேசறேன்" என்று பத்து நிமிடம் அக்கறையாகக் கேட்டிருக்கிறாள். கடைசியில் மெக்கானிக் கதவைத் திறந்ததும் 'அம்மா' அவர்மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கிவிட்டாள்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். இரண்டாவது மாடி என்று கேட்டு மெக்கானிக் அங்கே போய் நிற்க, ஆள் பன்னிரண்டாவது மாடியில் வியர்த்துக்கொண்டிருந்த அன்று யாரும் சிரிக்கவில்லை.

இதில் கம்பியக்காவுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. முதல் மாடிக்குத் தலைமை அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. வீடும் ஒன்றுதான், கீழே இவர்கள், மேலே அவர். நாத்தனாரின் கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். நாத்தனாருக்குக் கனமான, அடித்தொண்டைக் குரல். அவர் "பயப்படாதீங்க" என்று சொன்னால் மாட்டிக்கொண்ட ஆள் மட்டுமில்லை, லிஃப்டே தைரியமாகிவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

டெலிபோன் சண்டை வீட்டுக்குள் வந்த மூன்றாவது நாள், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலி கண்ட கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "ரெண்டு பேருக்கும் புண்ணியமாப் போகும். ஆபீஸ் பேச்சை செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுடுங்க." அதிலிருந்து இருவரும் வீட்டில் காய்கறி பற்றியும் தண்ணீர் மோட்டார் பற்றியும் மட்டும் பேசினார்கள். அலுவலகத்தில் அதுகூடப் பேசவில்லை.

கம்பியக்கா சும்மா இருக்கவில்லை. மெக்கானிக்குகள் வேலை முடிந்து ஆபீஸுக்கு வந்ததும், எடுத்த பெரிய பெரிய வீடியோக்களை இங்கிருந்து கட்டடக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள், அதுதான் லைனை அடைக்கிறது என்று முடிவு கட்டினாள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டாள். இருபது மெக்கானிக்குகளின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பேச்சு கிழிவது நிற்கவில்லை. அவள் மேசைத் திரையில் லைனின் அளவு தெரியும். நொடிக்கு நாற்பது எம்பிக்கு இடம் இருந்தால் ஏழோ எட்டோதான் ஓடிக்கொண்டிருக்கும். வழி முழுக்கக் காலியாகக் கிடக்க, பேச்சு மட்டும் எதில் போய் முட்டிக்கொள்கிறது? அவளுக்குப் பிடிபடவே இல்லை.

இது போதாதென்று முதலாளி. புகார் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் அறையைவிட்டு எழுந்து முதல் மாடிக்கு வருவார். சிக்கனமான மனிதர், எழுந்தால் விளக்கு, மின்விசிறி, அறையில் ஓடுகிற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார். வந்து ஏதாவது ஒரு ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். பேச்சு கண்ணாடி மாதிரி கேட்கும்.

"எங்கம்மா உடையுது? எனக்கு நல்லாத்தானே கேக்குது! நீங்கல்லாம் காதைக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனார் படியிறங்கி, கேபிள் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கம்பியக்காவின் அறைக்கு வந்தார். கையில் ஒரு ஹெட்செட்.

"இதைக் காதுல மாட்டு. இன்னிக்கு ஒரு நாள் என் பக்கத்துல வந்து உக்காரு."

"அண்ணி, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க, முக்கால்வாசி லைன் காலி."

"லைன் காலின்னு உள்ள மாட்டிக்கிட்டவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நாத்தனாரின் குரல் இறங்கியது. "ஏம்மா, எனக்கு உன்மேல கோவம் இல்ல. பன்னெண்டு வருஷமா நடுக்கடல்ல இருக்கறவர்கிட்ட போன் பேசிட்டிருக்கேன். பேச்சு பாதியில அறுந்தா மனசு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். அதான் பல்லைக் கடிச்சிட்டு இருக்க முடியல. வா."

அவள் போனாள். நான்கு மாதத்தில் அந்த மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது உறைத்தது.

முதல் அழைப்பு ஒரு துணிக்கடை மேனேஜரிடமிருந்து. அவர் பேச்சு கொத்துக் கொத்தாக விழுந்தது. நாத்தனார் மூன்று தடவை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். கம்பியக்கா சைகை காட்டி, தானே குறுக்கிட்டாள். "சார், நாங்க பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"ஜோரா கேக்குதும்மா. நீங்கதான் சும்மா சும்மா என்ன, என்னங்கறீங்க."

கம்பியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கிருந்து போகிற பேச்சு ஒழுங்காகப் போகிறது. அங்கிருந்து வருகிறதுதான் கிழிகிறது! லைனில் போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. மெக்கானிக்குகளின் வீடியோ அடைப்பதாக இருந்தால் போகிற வழியைத்தான் அடைக்கும். நான்கு மாதமாக அவள் தப்பான வாசலில் காவல் நின்றிருக்கிறாள். ஒருவார்த்தை நாத்தனாரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"இதை ஏன் அண்ணி நீங்க முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?"

கம்பியக்கா நோட்டை எடுத்து நேரம் குறிக்க ஆரம்பித்தாள். பதினொன்றே காலுக்கு வழக்கம்போல முதலாளி வந்தார். அவர் கதவைத் தாண்டிய நிமிடத்திலேயே காதில் இருந்த குரல் பளிச்சென்று ஆனது. "நல்லாத்தானே கேக்குது!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் அறைக் கதவு சாத்திய இரண்டாவது நிமிடம் குரல் மறுபடி கந்தல்.

நாத்தனாரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி ஒரு தடவை வெளிய வரவைக்கட்டுமா?" என்றார் நாத்தனார் மெல்ல.

"எப்படி அண்ணி?"

நாத்தனார் உள் டெலிபோனை எடுத்தார். "சார், உங்களைப் பாக்க யாரோ வந்திருக்காங்க." முதலாளி வந்தார்; குரல் சுத்தமானது. யாரும் இல்லையென்று திரும்பிப் போனார், குரல் கிழிந்தது. பத்து நிமிடம் விட்டு, "சார், ஒரு கையெழுத்து." வந்தார், சுத்தம். போனார், கந்தல். மூன்றாவது தடவை, "சார், சும்மா, நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்க" என்றதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னம்மா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நடக்கவிட்டு வேடிக்கை பாக்கறீங்களா?"

"ஆமா சார். இப்ப உங்க ரூமைப் பாக்கணும். தயவு பண்ணி எதையும் அணைக்காம உள்ள உக்காருங்க" என்றாள் கம்பியக்கா.

உள்ளே போனதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிர்ச்சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அதில் எட்டுக் கட்டம். எட்டிலும் முதலாளி கட்டிக்கொண்டிருக்கும் புது வீடு. ஜல்லி, மணல், சாரம், கொத்தனார்களின் முதுகு. படம் அவ்வளவு துல்லியம். சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்த ஈயைக்கூட எண்ணலாம்.

"அந்த மூணாவது கட்டத்துல இருக்கானே, அவனைப் பாரு. காலையிலேருந்து அதே செங்கல்லைத்தான் கையில வச்சிட்டிருக்கான்" என்றார் முதலாளி. குரலில் வருத்தமும் பெருமையும் கலந்திருந்தது.

"இதை எப்ப சார் மாட்டினீங்க?"

"ஆச்சு, நாலு மாசம். டிவி கடைக்காரங்களே வந்து எல்லாம் பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் டிவிக்குப் பின்னால் போய்க் கேபிளைப் பிடித்தபடியே நடந்தாள். அது ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரோடு இறங்கி, தெருவிலிருந்து லைன் வருகிற பெட்டியிலேயே நேராகப் போய்ச் செருகியிருந்தது. அவளுடைய ரவுட்டரைத் தொடாமலே. அவள் திரையில் அது எப்படித் தெரியும்? எட்டு கேமரா, ஒன்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் நாற்பது. மொத்த வழியும் செங்கல்லாலேயே நிரம்பியிருந்தது.

திரும்பி வந்து, முதல் மாடி அழைப்பு ஒன்றை முதலாளியின் ஸ்பீக்கரில் போட்டாள். எட்டுக் கட்டமும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பாட்டியின் பேச்சு துண்டு துண்டாக அறைக்குள் விழுந்தது. முதலாளி முதல்தடவையாக அதைக் கேட்டார். அவர் முகம் சுண்டிப்போனது.

"இப்படியாம்மா கேக்குது?"

"நாலு மாசமா சார்" என்றார் கூடவே வந்திருந்த நாத்தனார்.

முதலாளி டிவியைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். பொம்மையைப் பிடுங்க வந்தவரைப் பார்க்கிற குழந்தை மாதிரி விழித்தார். "அணைச்சுடலாம்தான். ஆனா அணைச்சா அந்தச் செங்கல்காரன் தூங்கிடுவானேம்மா."

"அணைக்க வேண்டாம் சார்" என்றாள் கம்பியக்கா. "ஒரு ஆள் பேசறதுக்கு வேண்டிய இடம் ரொம்பச் சின்னது. பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினாலும் உங்க ஒரு கேமராவுல கால்வாசிதான் வரும். ஆனா பேச்சு காத்திருக்காது சார். அரை நொடி லேட்டா வந்த வார்த்தை வந்தும் பிரயோஜனம் இல்ல. படம் காத்திருக்கும். அதனால பேச்சை முதல்ல விடுவோம். மிச்ச இடத்துல உங்க வீடு வரட்டும்."

"படம் மங்குமா?"

"கூட்டமா இருக்கற நேரத்துல கொஞ்சம் கட்டம் கட்டமாத் தெரியும்."

"எவ்வளவு பெரிய கட்டம்?"

"செங்கல் அளவுக்கு."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பண்ணு."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவசர அழைப்பு எடுக்கிற இரண்டு பெண்களைத் தவிர அலுவலகம் காலி. கணவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். கம்பியக்கா கூரைப் பலகையைத் தள்ளி, தலையெல்லாம் தூசியோடு முதலாளியின் கேபிளைத் தன் ரவுட்டருக்கு இழுத்து வந்தாள். பேச்சுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, வேறு யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று ரவுட்டரில் எழுதினாள். பிறகு எட்டுக் கேமராவையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, நாத்தனாரைத் தெருமுனைக்கு அனுப்பினாள். அங்கிருந்து போன் போட்டு ஒன்றிலிருந்து நூறுவரை எண்ண வேண்டும்.

பதினேழில் ஒரு விக்கல். முப்பத்தொன்பதுக்குப் பிறகு நாற்பத்து மூன்று.

"அண்ணி, நாப்பது எங்க போச்சு?"

"நான் சொல்லிட்டேன். நீதான் தொலைச்சிருப்ப!"

அவள் ஏணிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். போகிற வழியில் யார் முதலில் என்று அவள் சொல்லலாம். வருகிற வழியில், தெருவிலேயே நெரிசலாக வந்து சேர்ந்தால் என்ன செய்ய? கேமராக்காரன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அவனை மெதுவாக அனுப்பவைக்க வேண்டும். கிடைத்தது, கிடைத்தது என்று இங்கிருந்து உடனுக்குடன் சொல்வதால்தான் அவன் அள்ளிக் கொட்டுகிறான். நாம் நிதானமாக வாங்கிக்கொண்டால் அவனும் நிதானமாகிவிடுவான். கேமராக்களுக்கு முப்பதுக்குமேல் கிடையாது, அழைப்புகள் கூடினால் இன்னும் கீழே என்று வரம்பு போட்டாள்.

"அண்ணி, முதல்லேருந்து."

"அடிப்பாவி, மறுபடியுமா! தெருவுல போறவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரியாப் பாக்கறாங்க." ஆனால் எண்ணினார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஒரு எண் தவறாமல், ஒரு எழுத்து உதிராமல் நூறு வந்தது. கணவன் ஏணியை விட்டுவிட்டுக் கைதட்டினான். நல்லவேளை, அவள் அப்போது ஏணியின் கீழ்ப்படியில்தான் இருந்தாள்.

வேலை எவ்வளவு பலம் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. நாலு மணிக்கு ஊரின் ஒரு பகுதியில் மின்சாரம் போய்விட்டது. பதினோரு லிஃப்டுகள் ஒரே நேரத்தில் நின்றன. லிஃப்டுக்குள் இருக்கிற டெலிபோனுக்குத் தனி பேட்டரி உண்டு. பதினோரு சிவப்பு பட்டனும் ஒன்றாக அழுத்தப்பட்டன. சத்தம் கேட்டுக் கம்பியக்கா மாடிக்கு ஓடினாள்.

நாத்தனாருக்கு வந்தது ஒரு பாட்டுக் குழு. ஒன்பது பேர், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில். மேல்மாடி அரங்கத்தில் ஐந்து மணிக்குப் போட்டியாம். குழுத்தலைவர் படபடத்தார். அவருக்குப் பின்னால் யாரோ "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்பதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"காத்து வர வழி இருக்குங்க, பயப்படாதீங்க" என்றார் நாத்தனார். "மெக்கானிக் கிளம்பியாச்சு. மூச்சு முட்டறவங்களை நடுவுல உக்காரவைங்க. ஆமா, அரங்கத்துலயும் கரண்ட் இருக்காதே, அப்புறம் போட்டி எப்படி நடக்கும்? உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க."

யாரோ சிரித்தார்கள். மூச்சு முட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன பாட்டு பாடப்போறீங்க?"

"ஆத்தைப் பத்தி ஒரு பாட்டும்மா. நாங்களே கட்டினது."

"சும்மா நிக்கறதுக்கு ஒரு தடவை பாடிப் பாத்துடுங்களேன். நான் கேக்கறேன்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு பெண் குரல் மெல்ல எடுத்தது. இன்னொன்று அதன்மேல் ஏறியது. ஒன்பது குரலும் சேர்ந்தபோது நாத்தனார் தன்னை அறியாமல் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற பாட்டு. சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலிகூடப் பிசிறில்லாமல் கேட்டது. கம்பியக்காவுக்குக் கை சிலிர்த்தது.

பக்கத்து மேசைப் பெண் ஹெட்செட்டை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். "அக்கா, என் லிஃப்டுல ஒரு அம்மா இருக்காங்க. அங்க என்ன பாட்டு, எனக்கும் கேக்கணும்கறாங்க." நாலாவது மேசையிலிருந்தும் அதே கோரிக்கை. ஒன்பதாவது மேசையிலிருந்தும்.

நாத்தனார் நிமிர்ந்தார். "ஏம்மா, எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துவிட முடியுமா?"

"முடியும் அண்ணி."

"லைன் தாங்குமா?"

"தாங்கும்" என்றாள் கம்பியக்கா. பதினோரு லிஃப்டுகளையும் ஒரே அழைப்பில் கோத்துவிட்டாள். குழு இரண்டாவது தடவை பாடியது. எங்கோ ஒரு லிஃப்டில் யாரோ தாளம் போட்டார்கள். இன்னொன்றிலிருந்து ஒரு முதியவர், "நடுவுல கொஞ்சம் வேகமாப் போறீங்க" என்று திருத்தம் சொன்னார். குழுத்தலைவர் அதை ஏற்றுக்கொண்டு மறுபடி பாடவைத்தார். இந்தத் தடவை அடியில் ஒரு கனத்த குரலும் சேர்ந்து நடந்தது. அது எந்த லிஃப்டிலிருந்தும் வரவில்லை. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி அறையிலிருந்து வேகமாக வந்தார். "என்னம்மா இது, என் வீடு கட்டம் கட்டமா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு மேசையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது, அத்தனை ஸ்பீக்கரிலும் ஒரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"இது நம்ம லைன்லயா வருது?"

"ஆமா சார்."

"ரூம்ல டிவி ஓடிட்டுத்தான் இருக்கு. நான் அணைக்கக்கூட இல்லியே."

"தெரியும் சார்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் பதினோரு லிஃப்டுகளிலும் கைதட்டல். முதல் மாடியும் சேர்ந்து தட்டியது. எல்லாரைவிடவும் ஓங்கித் தட்டியது முதலாளிதான். ஐந்து மணிக்குள் மெக்கானிக்குகள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் குழுத்தலைவர் கூப்பிட்டார். கரண்ட் வந்ததும் போட்டி நடந்ததாம், இரண்டாம் பரிசு. அதைச் சொல்லிவிட்டு, "அந்தக் கீழ்க்குரல் யாருதும்மா? எங்ககிட்ட அப்படி ஒரு குரல் இல்லாமத்தான் முதல் பரிசு போச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வர முடியுமா?" என்றார்.

ஆயிரம் பேருக்குத் தைரியம் சொன்ன நாத்தனாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நானா? நான் சும்மா... எனக்குப் பாட்டெல்லாம்..." என்று திக்கினார். பக்கத்தில் நின்ற கம்பியக்கா குனிந்து மைக்கில், "வருவாங்க சார். எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். பயிற்சி நடந்தது ஒரு பள்ளிக்கூட அறையில். கம்பியக்கா கடைசி பெஞ்சில், தன் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் புதுச் சேலை கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் நின்றார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கடலுக்கு ஒரு அழைப்பு போட்டு, போனை அணைக்காமல் பெஞ்சில் தம்பி மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாடி முடித்ததும் முதலில் அந்தப் போனிலிருந்துதான், எங்கோ நடுக்கடலிலிருந்து, விசில் சத்தம் வந்தது.